பிழிந்தபோது கசக்கவில்லை

அறியாமல் இழைத்த அநீதிக்கு மனிதன் பொறுப்பாளி ஆவானா? நீதிநூலோரும் மார்க்கச் சட்ட மேதைகளும் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் கேள்வி இது. அறியாமை தக்க சமாதானமே என்பர் சிலர். எல்லா அறியாமையும் சமாதானமாகிவிடாது என்பர் வேறு சிலர். அப்பெரிய ஆராய்ச்சிக்குள் புகும் தகுதி நமக்கு இல்லை. ஒரு ஜாடி எலுமிச்சைச் சாறு இக்கேள்வியை நம் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டது. அதனால் எழுதுகிறோம்.

1985ஆம் ஆண்டு ரமலான் மே மாதத்தின் பிற்பகுதியில் பிறந்தது. அக்கினி நட்சத்திரம் முடியாத நாட்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் மணமேல்குடிக்குத் தெற்கே கடலோரமாகச் செல்லும் சாலையில் உள்ள சிற்றூர் ஒன்றின் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் ஏற்பாடு ஒவ்வொரு நாளும் ஒருவர் பொறுப்பில் நடக்கும். ஒரு நாள் பொறுப்பேற்ற ஹாஜியார், கஞ்சியோடு எலுமிச்சைச் சர்பத்தும் கொடுக்க வேண்டுமென்று ஆசைப்பட்டார். அறந்தாங்கியிலிருந்து நூறு பழம் வந்து சேர்ந்தது.

பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுவதற்கென்று ஒரு பெரியவர் இருந்தார். கஞ்சி மட்டுமா? கிணற்றில் தண்ணீர் இறைத்து ஹவுளை நிரப்புவதும், பாய் விரிப்பதும், மோதினார் ஊரில் இல்லாத நாளில் பாங்கு சொல்வதும் அவரே. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஹாஜியார் லுஹர் தொழுகை முடிந்த கையோடு அவரை அழைத்து, “கடைசி நேரத்துல ஓடிக்கிட்டு இருக்காம இப்பவே பிழிஞ்சு வச்சிருங்க” என்றார். பெரியவர் ஒரு கணம் தயங்கியதாக இப்போது நமக்கு நினைவு வருகிறது. அது உண்மையான நினைவா, பின்னால் நம் மனம் சேர்த்துக்கொண்டதா என்று சொல்ல இயலவில்லை. பழங்களை இரு பாதியாக அறுத்து, வெள்ளைத் துணியில் கட்டி, விதையும் தோலுமாகச் சேர்த்து முறுக்கிப் பிழிந்து, பீங்கான் ஜாடியில் ஊற்றி மூடி வைத்தார்.

மஃரிபுக்குச் சற்று முன்னர் சீனியும் நன்னாரியும் பானைத் தண்ணீரும் சேர்க்கப்பட்டன. பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்தை வாயிலிட்டு, பகலெல்லாம் வறண்ட தொண்டைக்கு அந்தச் சர்பத்தை ஊற்றியவர்களின் முகங்கள் சுருங்கின. அப்படியொரு கசப்பு! சீனிக்கும் அடங்காமல், விழுங்கிய பின்னும் அடிநாக்கில் நின்ற கசப்பு.

பசித்தவன் கோபம் பெரிது என்பார்கள். நோன்பாளியின் கோபம் அதனினும் பெரிதாக இருக்கக் கூடாது என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். அன்று அந்தப் பாடம் ஒருவருக்கும் நினைவில்லை. நல்ல பழத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அழுகல் பழத்தைப் பிழிந்து வைத்துவிட்டார் என்று ஒருவர் சொன்னார். வெளியிலே வாங்கிக் காசை அடித்துக்கொண்டார் என்றார் மற்றொருவர். ஓதத் தெரிந்த ஒருவர், ஓதும் நம்பிக்கையாளருக்கு ‘உத்ருஜ்’ பழத்தையும் ஓதாத நயவஞ்சகனுக்குக் குமட்டிக்காயையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உவமை காட்டியதை எடுத்துரைத்து, கசப்பு எங்கிருந்து வரும் என்று புரிகிறதா என்று கேட்டார். ‘உத்ருஜ்’ என்பது எலுமிச்சையின் உடன்பிறப்பாகிய நாரத்தை இனம் என்பதும், அதன் விதையும் கசக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த உவமை புகாரியிலும் முஸ்லிமிலும் காணப்படுவது. அது மனிதன் தன்னைத்தானே எடைபோட்டுக்கொள்ளத் தரப்பட்டதேயன்றிப் பிறரை எடைபோட அன்று என்பதாவது தெரிந்திருக்கலாம்.

பெரியவர் ஒன்றே சொன்னார்: “அல்லாஹ் அறிய, பிழிஞ்சப்போ கசக்கலை ஹாஜியார். நான் நாக்குல வச்சுப் பார்க்க முடியாது, நோன்பு. ஆனா கையில பட்டதை மோந்தேன். நல்ல பழம்தான்.” கூட்டத்தில் ஒருவர் நம்மைத் திரும்பிப் பார்த்தார். நாம் அப்போது உள்ளூர்ப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். “நீங்க படிச்சவுக. பிழிஞ்ச சாறு தானாக் கசக்குமா, சார்?” என்று கேட்டார்.

“சாறு புளிக்கும், அழுகும், நுரைக்கும். தானாகக் கசக்காது” என்றோம்.

நல்ல தமிழில், தெளிவாக, ஓர் ஆசிரியருக்குரிய குரலில் சொன்னோம். அதன் பிறகு ஒருவரும் பெரியவரிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் கஞ்சி காய்ச்ச வேறோர் ஆள் வந்துவிட்டார். பெரியவர் அதன்பின் ஜும்ஆவுக்கு இரண்டு மைல் நடந்து அடுத்த ஊருக்குப் போனார். ஊரில் யாரேனும் பேச்சுக் கொடுத்தால் சுருக்கென்று ஏதாவது சொல்லிவிடுவார். நாளடைவில் ‘கசப்புப் பிடித்த மனிதர்’ என்று பெயர் வாங்கினார். பதினோர் ஆண்டு அப்படி இருந்து 1996இல் மவுத்தானார். ஜனாஸாவில் நாமும் நின்றோம்.

பணி ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் சென்றபின், கல்லூரியில் உணவு வேதியியல் பயிலும் பேத்தியின் பாடக்குறிப்பை ஒரு பிற்பகல் வேளையில் புரட்டிக்கொண்டிருந்தோம். ‘பிந்திய கசப்பு’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழே நம் பெரியவரின் வாக்குமூலம் வேதியியல் மொழியில் எழுதப்பட்டிருந்தது.

அந்த விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு, பம்பளிமாசு ஆகியவற்றின் விதைகளில் கசப்புப் பொருள்கள் சில செறிந்திருக்கின்றன. அவற்றுள் தலையாயது லிமோனின். 1841ஆம் ஆண்டிலேயே பெர்னேஸ் என்பவர் அதை விதையிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார். ஆனால் அது எவ்வாறு கட்டப்பட்ட பொருள் என்பது 1960இல்தான் முற்றிலும் விளங்கியது. பார்ட்டன், கோரி போன்ற முதல்தர வேதியியலாளர்கள் கூடி உழைத்தும், பிரித்தெடுத்த நாள் முதலாக நூற்றுப்பத்தொன்பது ஆண்டு பிடித்த புதிர் அது. இருபத்தாறு கார்பன் அணுக்களும் முப்பது ஹைட்ரஜன் அணுக்களும் எட்டு ஆக்சிஜன் அணுக்களும் பல வளையங்களாகப் பின்னிக் கிடக்கும் கட்டடம். முப்பது கார்பன் கொண்ட மூலப்பொருள் ஒன்றிலிருந்து நான்கைக் கழற்றிவிட்டு மரம் இதைச் செய்கிறது. இவ்வகைப் பொருள்கள் அனைத்துக்கும் ‘லிமோனாய்டுகள்’ என்று பெயர். வேம்பின் கசப்பும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. வேப்பெண்ணெயிலிருந்து ‘நிம்பின்’ என்னும் பொருளை 1942இல் பிரித்துக் காட்டியவர் டாக்டர் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கி. வேம்பும் எலுமிச்சையும் வெவ்வேறு குடும்பத்து மரங்கள். கசப்பில் மட்டும் உறவினர்.

லிமோனின் என்ற சொல்லுக்குள் ‘லைமூன்’ என்னும் அரபுச் சொல் ஒளிந்திருக்கிறது. சுல்தான் ஸலாஹுத்தீனின் மருத்துவர் இப்னு ஜுமைஃ எலுமிச்சையைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1248இல் திமிஷ்கில் மறைந்த தாவர மேதை இப்னுல் பைத்தார் அதைத் தம் பெருநூலில் எடுத்தாண்டார். இப்பழத்தை நம் பக்கத்திலிருந்து மேற்கே மத்தியதரைக் கடல்வரை கொண்டுசென்ற கைகளில் அரபு வணிகர் கைகளும் உண்டு. இது நம் விஷயத்துக்கு நேரடியாகத் தொடர்புடையதன்று. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மரம் விதையில் கசப்பை ஏன் வைத்தது என்பது விளங்கக்கூடியதே. சதையைத் தின்னலாம், விதையைக் கடிக்கலாகாது என்பது மரம் போடும் நிபந்தனை. பூச்சிகள் பலவும் லிமோனாய்டு உள்ள பொருளைத் தின்ன மறுக்கின்றன. பத்து லட்சம் பங்கு சாற்றில் ஆறு பங்கு லிமோனின் இருந்தாலே மனித நாக்கு கண்டுகொள்ளும் என்பர். நாக்கில் இவ்வளவு நுண்மையை இறைவன் வைத்ததும் பாதுகாப்புக்காகவே போலும்.

விதையில் கசப்பு ஆயத்தமாகவே இருக்கிறது. ஆகவே விதை நசுங்கினால் அது உடனே சாற்றில் சேரும். சதையின் கதை வேறு. சதையிலும் மெல்லிய உட்தோலிலும் லிமோனின் இல்லை. அதன் முன்வடிவம் ஒன்றுதான் இருக்கிறது. லிமோனினின் வளையங்களுள் ஒன்று திறந்து கிடக்கும் நிலை அது. அதற்குக் கசப்பே கிடையாது. நாக்கில் வைத்தாலும் தெரியாது. பழம் முழுமையாக இருக்கும்வரை இந்த முன்வடிவம் ஓரிடத்திலும், கடும் புளிப்புச் சாறு வேறோர் இடத்திலும் தனித்தனியே இருக்கின்றன. அறுத்துப் பிழிந்தால் இரண்டும் கலக்கின்றன. புளிப்பு, திறந்த வளையத்தை மெல்ல மூடத் தொடங்குகிறது. சாற்றில் உள்ள நொதி ஒன்றும் அதற்குத் துணை போகிறது. வளையம் மூடியதும் அது லிமோனின். உடனே நடப்பதன்று, சில மணி நேரம் ஆகும். வெப்பம் இருந்தால் விரைவில் நடக்கும். கலிஃபோர்னியாவின் நேவல் ஆரஞ்சுச் சாறு பிழிந்தபோது இனித்துப் பின்பு கசந்ததற்குக் காரணம் லிமோனினே என்று 1938இல் ஹிக்பி காட்டினார். கசப்பற்ற முன்வடிவத்தை 1968இல் மேயரும் பெவர்லியும் இனங்கண்டனர். நம் நாட்டில் பஞ்சாபில் விளையும் கின்னோப் பழச் சாற்றுக்கும் இதே தொல்லை உண்டு.

மே மாதத்து நண்பகலில் விதையோடு துணியில் முறுக்கிப் பிழிந்து, மாலைவரை மூடிவைத்த சாறு. இதற்குமேல் என்ன வேண்டும்? ‘பிழிஞ்சப்போ கசக்கலை’ என்ற இரண்டு சொற்களும் சத்தியம். 1968லேயே அச்சில் ஏறிவிட்ட உண்மையை, எழுத்தறியாத ஒருவர் 1985இல் தம் அனுபவத்திலிருந்து சொன்னார். விஞ்ஞானம் கற்பித்துச் சம்பளம் வாங்கிய நாம் மறுத்தோம்.

இவ்வளவில் நின்றிருந்தால் நமக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும். அமெரிக்கச் சஞ்சிகையில் வந்த ஆராய்ச்சி கடலோரச் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியருக்கு எப்படி எட்டும்? காலத்தின் அறியாமைக்குத் தனிமனிதன் என்ன செய்வான்? அன்றிரவு இந்தச் சமாதானத்தோடுதான் உணவுக்கு உட்கார்ந்தோம். பேத்தியின் குறிப்பில் கண்டதை மனைவியிடம் வியப்போடு விவரித்தோம். அவர் நாரத்தங்காய் ஊறுகாயை எடுத்து வைத்தவாறே, “பிழிஞ்சு வச்சாக் கசக்கும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே. இதுக்கு ஒரு புஸ்தகமா?” என்றார்.

“அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?”

“அன்னைக்கு எங்களை யாரு கேட்டீங்க?”

உண்மைதான். அன்று பள்ளிவாசல் மதிலுக்கு அந்தப் பக்கம், முப்பது கஜத்துக்குள், கஞ்சிக்குத் துவையல் அரைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எலுமிச்சையை உண்ணும் வேளையில்தான் பிழிய வேண்டும், விதையை நகத்தால் நெம்பி எடுத்துவிட வேண்டும், காய்ச்சல்காரருக்குக் கொடுக்கும் சாற்றை ஆறவைக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கு அன்றாடப் பாடம். அவர்களில் எவரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பெரியவர் அவ்வூரிலேயே ஜும்ஆ தொழுதிருப்பார்.

அறியாதவர் அறிந்தோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்பது திருமறையின் போதனை. ‘அறிந்தோர்’ யார் என்பதில்தான் நாம் வழுக்கி விழுந்தோம். ஊரார் ‘அறிந்தவர்’ என்று நம்மைக் கேட்டார்கள். நமக்கோ கேட்க ஒருவரும் இருப்பதாகத் தோன்றவில்லை. அறியாமை இருவகை. எட்டாத தொலைவில் உள்ளதை அறியாமை ஒன்று. அதற்கு மனிதன் பொறுப்பில்லை. அறிவு பக்கத்து முற்றத்தில் இருக்க, அது இருக்கும் வாய்களை மதிக்காமையால் வரும் அறியாமை மற்றொன்று. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இரண்டாவதை முதலாவதன் பெயரால் அழைத்துக்கொள்வது நம்மைப் போன்ற படித்தவர்களுக்கு மிக எளிது. அமெரிக்கச் சஞ்சிகையை நாம் இழுத்துக்கொண்டு வந்தது அதற்காகத்தான்.

‘கசப்புப் பிடித்த மனிதர்’ என்று ஊர் சொன்னதையும் ஆராயத்தான் வேண்டும். அவர் இயல்பிலேயே அப்படிப்பட்டவர் என்று நம்பினோம். பழத்தின் கசப்பு பழத்தினுடையதா, பிழிந்த கையினுடையதா? இரண்டில் ஒன்று என்று வேதியியல் சொல்லவில்லை. முன்வடிவம் பழத்தினுடையது, உடைத்தது கை, மூடிவைத்துக் காத்திருந்தது காலம். மூன்றும் சேராவிட்டால் கசப்பு இல்லை. அந்தப் பெரியவரிடம் சுடுசொல்லுக்கான வித்து இருந்திருக்கலாம், எவரிடம்தான் இல்லை? 1985க்கு முன் அவரோடு பழகிய எவரும் அவரைக் கசப்பானவர் என்று சொல்லி நாம் கேட்டதில்லை.

ஒரு மௌலவி நண்பரிடம் இதைச் சொன்னபோது, பொறுமையைப் பற்றிப் பேசினார். அரபியில் பொறுமைக்கு ‘ஸப்ர்’ என்றும் மூசாம்பரம் எடுக்கும் கற்றாழையின் கசப்புச் சாற்றுக்கு ‘ஸபிர்’ என்றும் பெயர். இரண்டும் ஒரே மூவெழுத்து வேரில் பிறந்தவை. பெரியவர் பொறுத்திருந்தால் கசப்பு கனிந்திருக்கும் என்பது நண்பரின் கருத்து. நமக்கு உடன்பாடில்லை. பழம் மரத்திலேயே முதிரும்போது கசப்பின் முன்வடிவத்தோடு ஒரு சர்க்கரை மூலக்கூறு வந்து பிணைந்துகொள்கிறது என்றும், அதன் பிறகு அது கசப்பாக மாறுவதில்லை என்றும் 1989 அளவில் ஹாசேகாவா என்பவரும் அவர் துணைவர்களும் கண்டறிந்தார்கள். முதிர்ந்த பழச் சாறு குறைவாகக் கசப்பது அதனால்தான். கசப்பு அழிவதில்லை, இனிப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு அடங்கிக் கிடக்கிறது. ஆனால் அது மரத்தோடு இருக்கும் பழத்துக்குக் கிடைக்கும் பேறு. பறித்துப் பிழிந்து ஜாடியில் மூடிய சாற்றைப் பார்த்து, ‘கனிந்திருக்கலாமே’ என்று சொல்வது நியாயமாகாது. பெரியவரைப் பள்ளிவாசலிலிருந்து பறித்தது நாம்.

இறைவனுக்கு மனிதன் செய்யும் பிழை வேறு, மனிதனுக்கு மனிதன் செய்யும் பிழை வேறு என்று நம் முன்னோர் வகுத்திருக்கிறார்கள். பின்னதை ‘ஹக்குல் இபாத்’ என்பர். அதற்கு அழுது தவ்பாச் செய்தால் மட்டும் போதாது, பாதிக்கப்பட்டவர் மனம் பொருந்த வேண்டும். அவர் மண்ணுக்குள் போய்விட்டால்? அவருக்காக துஆச் செய்யலாம், தர்மம் செய்யலாம், வாரிசுகளைச் சந்திக்கலாம் என்றார்கள். முதல் இரண்டையும் செய்தோம். அவை எளியவை. மூன்றாவதற்கு இரண்டு ஆண்டு தயங்கினோம் என்பதை மறைப்பதற்கில்லை.

பெரியவரின் மகன் இப்போது அறந்தாங்கியில் சிறிய பெட்டிக்கடை வைத்திருக்கிறார். நம்மிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். ஒரு மாலையில் போய் அமர்ந்தோம். லிமோனின், வளையம், புளிப்பு எல்லாவற்றையும் கரும்பலகை முன் நிற்பவரைப் போல விளக்கினோம். உங்கள் அத்தா சொன்னது உண்மை, நாம் சொன்னது பொய், பொருத்துக்கொள்ள வேண்டும் என்றோம். அவர் இடையில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்கு வந்த ஒரு சிறுவனுக்கு மிட்டாய் எடுத்துக் கொடுத்து, சில்லறையை எண்ணிப் பெட்டியில் போட்டார்.

“இது எனக்குத் தெரியும் சார். அத்தா அழுகப் பழம் பிழியலைன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை” என்றார். பிறகு, “அன்னைக்குப் பள்ளியில எத்தனை பேரு இருந்தாங்க?” என்று கேட்டார்.

“எழுபது பேர் இருக்கலாம்.”

“எல்லாரும் கேட்டாங்கள்ல நீங்க சொன்னதை?”

“கேட்டார்கள்.”

“இதையும் அவங்கள்ட்டயே சொல்லுங்க சார்.”

மணமேல்குடிக்குத் திரும்பும் பேருந்தில் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தோம். ஹாஜியார் இல்லை. உவமை சொன்னவரும் இல்லை. நம்மைத் திரும்பிப் பார்த்துக் கேட்டவரும் இல்லை. நம்மையும் சேர்த்து ஒன்பது பேர் இருக்கிறோம். அவர்களில் இருவர் மலேசியாவில்.